வெள்ளைப் பூ வந்த லாரி

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று ஆபீசில் கேட்டார்கள். ஓய்வு பெற்றவர்களிடம் நாலு வார்த்தை கேட்டால் எங்கே போய் முடியும் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. இனி நீங்கள்தான் அனுபவிக்க வேண்டும்.

பழைய லாரிகளைப் பார்த்து மதிப்புச் சொல்வது நம் வேலை. உங்கள் கையில் இப்போது டேப்லெட் இருக்கிறது. ஒரு ஒயரை வண்டியில் செருகினால் எஞ்சின் தன் உடம்புக்கு என்னவென்று தானே சொல்லிவிடுகிறது. நான் வேலைக்கு வந்தபோது எஞ்சினும் பேசாது, சொந்தக்காரரும் பேசமாட்டார். பேசுகிற ஒரே ஆள் புரோக்கர். அவர் பேசுவதை நாங்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

உங்களில் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "அக்கா, எத்தனை கிலோமீட்டர் ஓடின டீசல் லாரி வரைக்கும் வாங்கலாம்?" இதற்கு ஒரு எண்ணைச் சொன்னால் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் நம் பக்கத்தில் பழைய லாரி என்றால் மீட்டர் நின்றுபோயிருக்கும். மீட்டர் ஒழுங்காக ஓடுகிற பழைய லாரியைப் பார்த்தால்தான் நான் இன்னொரு தடவை சுற்றிவந்து பார்ப்பேன். எவ்வளவு ஓடியிருக்கிறது என்பதைப் பிரேக் பெடலின் தேய்மானம் சொல்லும். டிரைவர் சீட்டின் பள்ளம் சொல்லும். இதையெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். நான் ஒரே ஒரு வண்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு சேவியர் என்ற டிரைவர் என்னைத் தேடி வந்தார். கோயமுத்தூரில் ஒரு பெரிய லாரி கம்பெனியில் ஓட்டிக்கொண்டிருந்தவர். அந்தக் கம்பெனி வண்டிகளை நான் பார்க்கப் போகும்போதெல்லாம் பழக்கம். முப்பது வயதில் பார்த்த அதே சட்டையை ஐம்பது வயதிலும் போட்டுக்கொண்டிருக்கிற ஆள். கூட வந்தவர் அவர் மனைவி ரோஸ்லின். பெருந்துறையில் ஒரு துணி ஆலையில் தைத்து வரும் துணிகளைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை.

விஷயம் இதுதான். ஆனைமலையில் ஒரு தென்னை நார் ஆலைக்காரர் சேவியருக்கு நிரந்தரமாக லோடு தருவதாகச் சொல்லியிருந்தார். சொந்த லாரி இருக்கவேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. சேவியர் அன்றே கம்பெனியில் போய் வேலையை விட்டுவிட்டார். லாரி வாங்குவதற்கு முன்பே வேலையை விட்டது ஏன் என்று கேட்டேன். "ஒரு வேகத்துல சொல்லிப்போட்டேனுங்க அக்கா" என்றார். ரோஸ்லினுடைய சேமிப்பும் நகையும்தான் லாரியாக மாறப்போகின்றன. அவர்களுக்கு வேறு எதுவும் இல்லை. வீட்டில் சேவியரின் அப்பாவும் அம்மாவும் வயதாகி உட்கார்ந்திருந்தார்கள், காலேஜில் ஒரு பெண் படித்துக்கொண்டிருந்தாள். லாரி ஓடினால் எல்லோரும் சாப்பிடலாம்.

"எந்த லாரின்னு முடிவு பண்ணியாச்சுங்களா?"

"பண்ணியாச்சுங்க. கொடுமுடி பக்கத்துல ஒரு தோட்டத்துல நிக்குது. அந்த வண்டிய எனக்கு நல்லாத் தெரியுமுங்க. ஷோரூம்ல இருந்து எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி வெளிய எடுத்ததே நாந்தானுங்க."

அதாவது, அந்தத் தோட்டத்துக்காரர் லாரியைப் புதிதாக வாங்கியபோது முதல் டிரைவர் சேவியர். கம்பெனிக்கு வருவதற்கு முன்பு சில வருடங்கள் ஓட்டிவிட்டு வேலையை விட்டு நின்றுவிட்டார். பிறகு வேறொருவர் ஓட்டியிருக்கிறார். இப்போது வண்டி விலைக்கு வந்திருக்கிறது. ஏன் நின்றீர்கள் என்று கேட்டேன். "சும்மாதானுங்க" என்றார். நம் ஊரில் சும்மாதான் என்று ஒருவர் சொன்னால் அதற்கு மேல் கேட்பது மரியாதை இல்லை. நானும் கேட்கவில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சேவியர் லாரி தேடவில்லை. அவர் ஏற்கெனவே ஒரு லாரியை மனசில் நிறுத்திவைத்திருந்தார், அதுவும் புதிதாக இருந்தபோது பார்த்த லாரியை. இப்படி வருகிறவர்களிடம் நம் மதிப்பீடு எடுபடாது. அவர்கள் நம்மைக் கூட்டிப்போவது, தாங்கள் எடுத்த முடிவுக்கு ஒரு சாட்சி வேண்டும் என்பதற்காக.

மூன்று பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கொடுமுடிக்குப் போனோம். தோட்டத்து வீட்டு வாசலில் லாரி நின்றது. குளிப்பாட்டி, சந்தனம் பூசி, மாலை போட்டிருந்தார்கள். தோட்டத்துக்காரர் எழுபது வயதுக்காரர், வெள்ளை வேட்டி, அதைவிட வெள்ளையான மீசை. ஒரே மகன் ஈரோட்டில் மஞ்சள் வியாபாரம் செய்கிறான் என்பதை நாங்கள் உட்காருவதற்குள்ளேயே சொல்லிவிட்டார். பிறகு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"வண்டி பாக்கற ஆளு வரலீங்களா அம்மணி?"

"நாந்தானுங்க."

"அப்படீங்களா. ரொம்ப சந்தோசமுங்க. மோர் குடிங்க."

முதலில் பானட்டில் கையை வைத்துப் பார்த்தேன். கொதித்தது. எஞ்சினைச் சூடாக்கி வைத்துவிட்டு விற்கிறவர்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஆறிக்கிடக்கும் எஞ்சினில்தான் குறைகள் தெரியும், சூடான எஞ்சினுக்குக் குறையே இருக்காது. ஆனால் இவர் அதற்காகச் செய்யவில்லை. "விருந்தாளி வாரப்ப வண்டி தூங்கிட்டு இருந்தா நல்லாருக்குமுங்களா? அதான் கெளப்பி விட்டேன்" என்றார். அது உண்மை என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நல்ல மனிதர்கள் செய்யும் காரியமும் கெட்டிக்காரர்கள் செய்யும் காரியமும் பானட்டுக்கு ஒரே சூடுதான்.

எஞ்சின் ஆறுகிற வரை காத்திருக்க வேண்டும் என்றேன். அதற்கென்ன, சாப்பிடலாம் என்றார். சாப்பாட்டுக்கு முன்பே வண்டியைப் பார்த்துவிட வேண்டும் என்பது நான் கட்டிக்காத்த பழக்கம். ஒருவர் வீட்டில் அரிசியும் பருப்பும் சாதம் போட்டு, மேலே நெய்யும் ஊற்றி, இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று வைத்தபிறகு, அவருடைய வண்டியைக் குறை சொல்ல வாய் வராது. அன்றைக்கு வேறு வழி இல்லை. எஞ்சின் ஆறியது, நாங்கள் நிறைந்தோம்.

சாப்பிட்டுவிட்டு சேவியர் ஏறி சாவியைத் திருப்பினார். முதல் தட்டிலேயே பிடித்துக்கொண்டது. புகை கொஞ்சம் வந்தது. அந்த வயதுக்கு அது மரியாதையான புகைதான். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தேன், கியர் போட்டு ஓட்டிப் பார்த்தோம். பிரேக் நேராக நின்றது. லட்சக்கணக்கில் ஓடிய வண்டிக்கு எஞ்சின் பிரமாதம் என்றே சொல்லவேண்டும். சேவியர் இறங்கியபோது அவர் முகத்தில் தன் பிள்ளை பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய களை இருந்தது.

பிறகு ஒரு சாக்கை விரித்து அடியில் போய்ப் படுத்தேன்.

அடியில் எல்லாம் இருக்கவேண்டியபடி இருந்தது. துரு, சேறு, ஆயில் பிசுக்கு. ஆனால் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், பட்டை ஸ்பிரிங்கை, பாரத்தையெல்லாம் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸோடு பிடித்திருக்கும் இடத்தில், ஒரு முழ நீளத்துக்குக் கறுப்புப் பெயின்ட் பளபளவென்று இருந்தது. சுற்றிலும் அழுக்கு, நடுவில் அது மட்டும் கல்யாணத்துக்குக் கிளம்பினது போல.

பெயின்ட் அடித்ததில் தப்பே இருக்காமலும் போகலாம். துருப் பிடித்த இடத்தைச் சுரண்டி அடித்திருக்கலாம். அடியில் என்ன என்று தெரியவேண்டுமானால் ஸ்க்ரூடிரைவரால் சுரண்ட வேண்டும். என் கையில் அது இருந்தது. ஆனால் சந்தனம் பூசி மாலை போட்டு நிற்கும் வண்டியின் பெயின்டை, அந்த வீட்டு நெய் இன்னும் கையில் மணக்கும்போது, கேட்காமல் சுரண்டுவது எப்படி? கேட்டுவிட்டுச் சுரண்டலாம் என்று வெளியே வந்தேன்.

வந்தால், கையில் தாம்பாளத்தோடு தோட்டத்துக்காரர் நிற்கிறார். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம். அட்வான்சை அந்தத் தட்டில் வைத்து மாற்றிக்கொண்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதன்பிறகு பின்வாங்குகிறவனை ஊரில் யாரும் மதிக்கமாட்டார்கள். சேவியர் சட்டைப் பையில் கையை வைத்திருந்தார்.

"வண்டி எப்படி இருக்குதுங்க அம்மணி?" என்றார் தோட்டத்துக்காரர்.

"எஞ்சின் நல்லா இருக்குதுங்க. அடியில ஒரு எடம் மட்டும் பாத்துட்டு சொல்றேனுங்க."

"பாருங்க பாருங்க. நல்லாப் பாருங்க. ஆனா ஒண்ணு சொல்லிப்போடறேனுங்க. நான் யாரையும் கேக்காம இதைச் செய்யலை. எங்க அம்மன் கோயில்ல பூ கேட்டுட்டேன். வெள்ளைப் பூ வந்துச்சுங்க."

வெளியூரிலிருந்து வேலைக்கு வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி அம்மன் முன்னால் போட்டு, மனசில் இருக்கும் காரியத்தைச் சொல்லி, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். கல்யாணம், கிணறு வெட்டுவது, நிலம் வாங்குவது எல்லாம் எங்கள் பக்கத்தில் இப்படி முடிவாவது உண்டு. ஆக, எனக்கு முன்பே ஒரு இன்ஸ்பெக்ஷன் நடந்து முடிந்திருந்தது. அந்த இன்ஸ்பெக்டரை நான் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை.

சேவியர் மாதா கோயிலுக்குப் போகிறவர். அம்மன் சொன்னதைக் கேட்டதும் அவருக்கும் கண் விரிந்தது. "பாத்தீங்களாக்கா" என்றார் என்னிடம். நான் ஸ்க்ரூடிரைவரை முந்தானைக்குள் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது பெயின்டைச் சுரண்டவா என்று கேட்டால் அம்மன்மேல் சந்தேகப்பட்டதாக ஆகும். கேட்காமல் விட்டால் இந்தக் குடும்பத்தின் மொத்தமும் ஒரு முழம் பெயின்டின்மேல் உட்காரப் போகிறது. நம் தொழிலில் அவசர நேரம் என்றால் இதுதான். எஞ்சின் தீப்பிடிப்பதில்லை, யாரும் கத்துவதில்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள்.

காலையிலிருந்து வாய் திறக்காத ரோஸ்லின் அப்போதுதான் பேசினார்.

"ஏனுங்கய்யா, அம்மன்கிட்ட என்னன்னு கேட்டீங்க?"

தோட்டத்துக்காரருக்குப் புரியவில்லை. "என்ன கண்ணு?"

"பூ வந்துச்சுன்னு சொன்னீங்கல்லங்க. என்ன கேட்டதுக்கு வந்துச்சு?"

"அதுவா. இந்த வண்டி இனி நம்ம ஊட்டுல இருக்கோணுமா, அனுப்பிச்சுப்போடலாமான்னு கேட்டேன் கண்ணு. அனுப்பிச்சுப்போடுன்னு வெள்ளைப் பூ வந்துச்சு."

வாழைத் தோப்பில் யாரோ மோட்டார் போடும் சத்தம் கேட்டது.

ரோஸ்லின் அடுத்த கேள்வியை அதே குரலில் கேட்டார். "வண்டி ஊட்டுல இருக்கோணுமா வேண்டாமான்னு கேக்கற அளவுக்கு என்ன ஆச்சுங்க?"

பெரியவர் தாம்பாளத்தைக் கயிற்றுக் கட்டிலில் வைத்தார். மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதாகவே தெரியவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறவராகச் சொன்னார்.

"வாழைத்தார் லோடோட மலை எறங்கறப்ப பின்னால படீர்னு ஒரு சத்தம் வந்துச்சாமா. ஓரமா நிறுத்திப் பாத்தா சேசிஸ் வெடிச்சு நிக்குது. வெல்டு வெச்சு ஊட்டுக்குக் கொண்டாந்துட்டோம். அப்பறம் நல்லாத்தான் ஓடுச்சு. ஆனா எனக்கு மனசு ஒப்புல. அதான் போய் பூ கேட்டேன்."

"இதைக் காலைலயே சொல்லியிருக்கலாமுங்களே" என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் உரக்கக் கேட்டது.

"யாரும் கேக்கலீங்களே அம்மணி" என்றார்.

அது நியாயம்தான். அவர் எங்களை மோர் வேண்டுமா என்று கேட்டார், சாதம் வேண்டுமா என்று கேட்டார், வெயில் ஜாஸ்தியா என்று கேட்டார். நாங்கள் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டால் அவர் மனசு நோகும் என்று நான் எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தேன், சேவியர் தன் ஞாபகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டே வெடித்த சேசிஸை வாங்கி முடித்திருப்போம்.

சேவியர் என் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை வாங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார். சுரண்டும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றுபோயிற்று. நெடுநேரம் அவர் கால்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன.

அடியிலிருந்தபடியே பேசினார். "ஓவர்லோடு ஏத்தியிருக்கறானுங்க. ஒரு தடவ ரெண்டு தடவ இல்லீங்க. அந்த டிரைவரு வண்டிய வண்டியா நெனைக்கலீங்க."

பெரியவர் கட்டிலில் உட்கார்ந்தார். "அவன்மேல தப்பில்ல சேவியரு. ஏத்தச் சொன்னது நாந்தான்."

"உன்னையும்தான ஏத்தச் சொன்னேன். நீ மாட்டேன்னுட்டு சாவிய வாசல் திண்டு மேல வெச்சுட்டுப் போயிட்ட. அவன் மாட்டேங்கல."

சும்மாதான் நின்றேன் என்று சேவியர் சொன்னாரே, அந்தச் சும்மா இதுதான்.

சேவியர் வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது. டீசல் புகை என்று சொல்லிக்கொள்ளலாம் என்றால் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கவில்லை. அந்த மனிதர் உண்மையாகவே அழுதார். இரும்புக்காக யாராவது அழுவார்களா என்று நீங்கள் நினைக்கலாம். டிரைவர்கள் அழுவார்கள்.

"வேண்டாமுங்கய்யா" என்றார். இருபது வருடப் பழக்கத்தில் சேவியர் வாயிலிருந்து நேராக ஒரு 'வேண்டாம்' வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

உங்களில் ஒருவர் கேட்கலாம், வெல்டு வைத்த சேசிஸோடு எத்தனையோ லாரி ஓடுகிறதே, விலையைக் குறைத்து வாங்கியிருக்கலாமே என்று. எஞ்சின் தேய்ந்திருந்தால் குறைத்து வாங்குங்கள். கியர்பாக்ஸ் கத்தினால் குறைத்து வாங்குங்கள். அவை எல்லாம் வழியில் நின்றுபோகும், நீங்கள் இறங்கி டீ குடித்துக்கொண்டே மெக்கானிக்குக்குப் போன் பண்ணலாம். வெடித்த இடத்திலேயே சேசிஸ் மறுபடி வெடித்தால் டீக்கடை வரை போக முடியாது. அதற்குக் குறைத்த விலை என்று ஒன்று கிடையாது. சேவியருக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். வேறு யாருடைய லாரியாக இருந்தாலும் முதலில் அடியில்தான் போய்ப் படுத்திருப்பார். தான் ஓட்டின வண்டி என்பதால் படுக்கவில்லை.

பெரியவர் எங்களைச் சும்மா அனுப்பவில்லை. தாம்பாளத்திலிருந்த வாழைப்பழத்தை ரோஸ்லினிடம் கொடுத்தார். அதைவிடப் பெரிய ஒரு சீப்பை என் பைக்குள் வைத்தார். வண்டியை வேண்டாம் என்றவர்களுக்கு அவ்வளவு பழம் கொடுத்த இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

அந்த வாரமே பெருந்துறையில் ஒரு லாரி பார்த்தோம். அதுவும் ஓடித் தேய்ந்த வண்டிதான். நிறம் பார்க்கச் சகிக்காது, கேபினுக்குள் கருவாட்டு வாசம். எஞ்சினில் செலவு இருந்தது. ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பே ரோஸ்லின் சொந்தக்காரரைக் கேட்டார், ஏன் விற்கிறீர்கள் என்று. மகளுக்குக் கல்யாணம் என்றார். பத்திரிகையைக் காட்டுங்கள் என்றார் ரோஸ்லின். அவரும் காட்டினார், எங்களையும் கல்யாணத்துக்கு அழைத்தார். பிறகு நான் அடியில் போய்ப் படுத்தேன். எல்லா இடமும் ஒரே மாதிரி அழுக்காக இருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. சேவியருக்கு அந்த வண்டியைப் பிடிக்கவே இல்லை. அதனால் ஒவ்வொரு குறையையும் அவரே கண்டுபிடித்துச் சொல்லி, பேசி வாங்கினார். இன்றைக்கும் தென்னை நார் ஏற்றிக்கொண்டு அது ஓடிக்கொண்டிருக்கிறது. கருவாட்டு வாசம் போகவில்லை என்று கேள்வி.

கொடுமுடி லாரி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒரு மாதம் கழித்துப் பெரியவர் ரோஸ்லினுக்குப் போன் செய்திருக்கிறார். வேறொருவர் விலைக்குக் கேட்டு வந்திருக்கிறாராம், வெளியூர்க்காரர், அடியில் எல்லாம் பார்க்கவில்லையாம். "போன தடவ நான் கேட்டது சரியில்லீன்னு தோணுது கண்ணு. மறுபடியும் பூ கேக்கலாம்னு இருக்கறேன். என்னன்னு கேக்கட்டும்? நீயே சொல்லு."

ரோஸ்லின் வேலையில் இருந்தார். பக்கத்தில் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்ததால் சத்தமாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது என்று என்னிடம் சொன்னார்.

"உங்க பையன் இந்த வண்டில லோடு ஏத்திட்டு மலை எறங்கலாமுங்களான்னு கேளுங்கய்யா."

அவர் சரி கண்ணு என்று போனை வைத்திருக்கிறார். கோயிலுக்குப் போகவில்லை. அடுத்த வாரம் லாரியைக் காயலான் கடைக்கு அனுப்பி, அவரே கூட நின்று, முதலில் சேசிஸை வெட்டச் சொல்லியிருக்கிறார்.